ம் கொட்டியவர் முருகேஸ்வரி

மாப்பிள்ளையூரணியில் அண்ணாச்சி கடை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். போய்ப் பார்த்தால் அங்கே அண்ணாச்சி இருக்கமாட்டார். தராசுக்குப் பின்னால் முருகேஸ்வரி நின்றுகொண்டிருப்பாள். அவள் கணவர் பாண்டியராஜன் காலையில் லோடு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் போனாரென்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் திரும்புவார். கடையைத் திறப்பது, சரக்கு அளப்பது, எலிக்குப் பொறி வைப்பது எல்லாம் அவள். பலகையில் எழுதியிருப்பது 'பாண்டியராஜன் ஸ்டோர்'. இருபது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை; அப்படி இருந்திருந்தாலும் வெளியே சொன்னதில்லை. சில வாண்டுகள் அவளையே பார்த்து, "அண்ணாச்சி, ஒரு ஷாம்பு" என்று கேட்கும். அவளும் முகம் சுளிக்காமல் கிழித்துக் கொடுப்பாள்.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. உடன்குடிப் பக்கம் ஒரு கருப்பட்டி வியாபாரி வீட்டில், ஏழு பெண்களில் ஆறாவதாகப் பிறந்தவள். மூத்தவர்கள் ஐந்து பேரும் பேசி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். தன் முறை வரும்வரை காத்திருந்தால் பட்டினிதான் என்று சின்ன வயதிலேயே கண்டுகொண்டு, எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் முடிக்கப் பழகினாள். அந்த எழுத்து 'ம்'.

சும்மா ஒரு ம் என்று நினைத்துவிடக் கூடாது. கடை முன்னால் மூன்று பேர் ஒரே நேரத்தில் நின்று, ஒருத்தி மாமியாரைப் பற்றியும், இன்னொருத்தி முழங்கால் வலியைப் பற்றியும், மூன்றாவது ஆள் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசினால், முருகேஸ்வரி மூன்று பேருக்கும் மூன்று விதமாக ம் போடுவாள். மாமியார் கதைக்கு இழுத்து ஒரு ம். முழங்காலுக்குத் தாழ்ந்த ம். தண்ணீருக்குக் கோபமான ம். மூன்று பேரும் தன் பேச்சை மட்டும்தான் அவள் கேட்டாள் என்ற திருப்தியோடு போவார்கள். இதற்கிடையில் துவரம் பருப்பு அரைக் கிலோ பிசகாமல் பொட்டலத்தில் விழுந்திருக்கும்.

இந்த ம்மை வைத்து உலகத்தில் ஒரு வேலை உண்டு என்று அவளுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அது பிரேமா வந்த பிறகுதான் தெரிந்தது.

பிரேமா பாண்டியராஜனின் தங்கை. சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டு வருஷம் எடிட்டிங் பார்த்தவள். அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். ஒரு லேப்டாப், இரண்டு மைக், ஒரு ஹெட்போன், கொஞ்சம் வீம்பு, இவற்றோடு அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினாள். வந்த மூன்றாம் நாளே, பாட்காஸ்ட் தொடங்கப்போவதாகச் சொன்னாள்.

"அது என்னது, ரேடியோவா?" என்றார் பாண்டியராஜன்.

"ரேடியோ மாதிரிதாண்ணே. ஆனா எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

"அப்ப எப்ப வேணும்னாலும் கேக்காமலும் இருக்கலாம்லா."

பிரேமா அதைக் காதில் வாங்காமல் வீடு முழுக்கக் கைதட்டிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு அறையாகப் போய் நடுவில் நின்று ஒரு தட்டு. எந்த அறையில் சத்தம் திரும்பி வரவில்லையோ அதுதான் ஒலிப்பதிவுக்குத் தோது என்று கணக்கு. கூடத்தில் கணீரென்று திரும்பி வந்தது. படுக்கையறையிலும் அப்படித்தான். கடைசியில் கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் போய்த் தட்டினாள். மூன்று பக்கமும் கூரை வரை அரிசி, உளுந்து, பருப்பு மூட்டைகள். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துப்போனது.

"மதினி, சென்னையில இதுக்குன்னு ஆள் வச்சு சுவருல பஞ்சு ஒட்டுவாவ. நீங்க சும்மாவே வச்சிருக்கீக" என்று முருகேஸ்வரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நிகழ்ச்சிக்குக் 'குடோன் பேச்சு' என்று பெயரானது. புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையில் ஈ ஓட்டும் நேரம், அப்போது ஒலிப்பதிவு. ஞாயிறு காலையில் வெளியீடு. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்கள், பஸ் கண்டக்டர்கள் என்று பேசக்கூடிய ஆட்களைப் பிடித்து உட்காரவைத்துப் பேசச் சொல்வது திட்டம். இதில் ஒரே சிக்கல், சுவர் விற்பனைக்கானது. உளுந்து நாலு மூட்டை போய்விட்டால் அந்தப் பக்கம் எதிரொலிக்கும்.

"மதினி, அந்த உளுந்தை மட்டும் புதன்கிழமை வரைக்கும் விக்காதீகளேன்."

"உளுந்து கேட்டு வாரவகளுக்கு உன் எதிரொலியவா அளந்து போட?" என்றாள் முருகேஸ்வரி. ஆனாலும் புதன்கிழமைகளில் புது மூட்டை வந்து இறங்கும்படி கணவரிடம் சொல்லி வைத்தாள்.

முதல் ஆளாக உட்கார்ந்தவள் சந்தனச்செல்வி, உப்பளத்துக்காரி. வாய்க்கால் ஓரத்தில் நின்று அவள் ஒருத்தியைத் திட்டினால் அடுத்த பாத்திக்காரிக்கும் சேர்த்துப் புரியும். அப்பேர்ப்பட்டவள் மைக்கைக் கண்டதும் கல்லானாள். பிரேமா தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். "ஆமா மேடம்." அடுத்த கேள்வி. "இல்ல மேடம்." இருபது நிமிஷத்தில் பதினொரு ஆமாவும் ஒன்பது இல்லையும் கிடைத்தன. அப்போதுதான் பொட்டுக்கடலை எடுக்க முருகேஸ்வரி உள்ளே வந்தாள்.

"என்னளா, வாயில உப்பை அள்ளிப் போட்டவ மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில்ல கண்ணு கூசுமான்னு கேக்காவ."

"ம்."

அந்த ம் கேள்வியுமில்லை, பதிலுமில்லை. கடையில் நின்று பேசும்போது விழும் அதே ம். சந்தனச்செல்வி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். உப்பு வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெயில் மேலேயிருந்து விழும் வெயிலைவிட மோசம் என்று தொடங்கி, கறுப்புக் கண்ணாடி போட்டு வேலைக்குப் போன அன்றைக்கு எல்லோரும் சிரித்தது, மறுவாரம் சிரித்தவர்களே கண்ணாடி எங்கே வாங்கினாய் என்று கேட்டு வந்தது என்று ஐம்பது நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். பொட்டுக்கடலை அள்ளிய கையோடு முருகேஸ்வரி அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து ம் போட்டுக்கொண்டே இருந்தாள். பிரேமா சத்தம் போடாமல் தன் மைக்கை நகர்த்தி மதினி பக்கம் வைத்தாள்.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. ஒரு மைக் வந்தவருக்கு, ஒரு மைக் முருகேஸ்வரிக்கு. பிரேமா ஹெட்போனோடு மூலையில் இருந்துகொண்டு லேப்டாப்பைப் பார்ப்பாள். கேள்வித் தாள் எங்கே போனதென்று தெரியவில்லை; முருகேஸ்வரி அதில் மல்லி மடித்துக் கொடுத்திருப்பாள் என்பது என் ஊகம். சாகுபுரம் ஷிப்டு பஸ்ஸில் கேட்டார்கள். உப்பு லாரிகளில் கேட்டார்கள். துபாயில் இருக்கும் நம்ம ஊர்ப் பையன்கள் கேட்டுவிட்டு, அந்த ம் போடுவது யார் என்று எழுதினார்கள். முருகேஸ்வரி அதைப் படித்துவிட்டு ம் என்றாள். அது மகிழ்ச்சி ம். வேம்பாரில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னாள்.

இப்போது ஆன்டனி கதைக்கு வருவோம். தெரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்களில் ஆன்டனிக்குத் தனி மரியாதை. ஐம்பத்திரண்டு வயது. இன்றைக்கு எல்லோரும் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள், அவரும் கட்டுவார். ஆனால் நங்கூரம் சிக்கிக்கொண்டது, வலை மாட்டிக்கொண்டது என்றால் சிலிண்டரைத் தேடிக்கொண்டு நிற்காமல் வெறும் மூச்சில் பாய்ந்து எடுத்துக்கொண்டு வருகிற ஆள். அவர் மனைவி விக்டோரியா திங்கள்தோறும் இந்தக் கடையில்தான் சாமான் வாங்குவாள். வாங்குவது கால் மணி நேரம், பேச்சு அரை மணி நேரம். அந்தப் பேச்சுவாக்கில்தான் முருகேஸ்வரி அவரை அழைத்தாள்.

தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உட்காரும் முன் கேட்டார்.

"தங்கச்சி, இதுல ஏடாகூடமா எதுவும் வந்துராதுல்லா? கரையில ஒருத்தன் சிரிச்சா அம்புட்டுத்தான், சாவுற வரைக்கும் சிரிப்பானுவ."

"நான் இருக்கேன்லா அண்ணாச்சி" என்றாள் முருகேஸ்வரி.

அவர் பேசினார். முதலில் கடலின் நிறம், நீரோட்டம், சங்கு மணலுக்குள் எப்படிப் பதுங்கும் என்பதெல்லாம். நடுவில் நிறுத்தி, "ஒண்ணு இருக்கு. வீட்டுலகூட சொன்னதில்ல. சொல்லவா?" என்றார். முருகேஸ்வரி மெதுவாக ம் என்றாள். ஒரு தடவை நங்கூரக் கயிறு அடியில் காலைச் சுற்றிக்கொண்டது என்றார். கத்தி இடுப்பில்தான் இருந்தது, ஆனால் கை போகவில்லை. "பயந்துட்டேன் தங்கச்சி." பிரேமா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு மனிதர் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

பிறகு முருகேஸ்வரி சாதாரணமாகத்தான் கேட்டாள், எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பீங்க அண்ணாச்சி என்று. ஆன்டனி, பொறு என்பதுபோல ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். மூச்சை இழுத்து வாயை மூடினார்.

குடோனில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அரை நிமிஷம் ஆனபோது முருகேஸ்வரி வியந்து ஒரு ம் போட்டாள். ஒரு நிமிஷத்தில் கேள்வியாக ஒரு ம். ஒன்றரை நிமிஷத்தில் போட்ட ம் நடுங்கிக்கொண்டே வந்தது. அதற்குமேல் தாங்காமல், "அண்ணாச்சி, போதும்" என்றாள். ஆன்டனி அவசரப்படவில்லை. ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு வினாடி ஆனதும் மூச்சை விட்டார்.

"இவ்வளவு" என்றார்.

சந்தோஷமாகத்தான் போனார். போகும்போது கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம் பிரேமாவுக்குச் சாகுபுரத்தில் சிநேகிதி கல்யாணம். வழக்கமாக ஒரு நிகழ்ச்சியைக் கையால் வெட்டி ஒட்ட அவளுக்கு மூன்று நாள் பிடிக்கும். ஆனால் எடிட்டிங் மென்பொருளில் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. ஒரே பொத்தான், அழுத்தினால் போதும், எல்லாவற்றையும் தானே சுத்தம் செய்துவிடும், கீழே நாலு வரி விவரமும் தானே எழுதிக்கொடுக்கும். பிரேமா முதல் ஐந்து நிமிஷத்தைப் போட்டுக் காட்டினாள். லாரி ஹாரன் இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி இல்லை. பாண்டியராஜன் வாசலில் வந்து நின்று இருமியது இல்லை. முருகேஸ்வரி வாயைப் பிளந்தாள்.

"ஏளா, உங்க அண்ணன் இருமலையே எடுத்துட்டானே, கெட்டிக்காரன்தான்."

மீதியை இருவருமே கேட்கவில்லை. ஒருத்திக்குப் பட்டுப்புடவைக்கு ரவிக்கை வாங்கப் போகவேண்டியிருந்தது. இன்னொருத்திக்குக் கடையில் கோயில் கொடைத் திருவிழாச் சாமான் வாங்க வந்த ஆள் நெரிசல். தப்பு இவ்வளவுதான். ஆனால் நல்ல ஆளாகப் பார்த்து விழுந்தது.

ஞாயிறு வெளியானது. திங்கள்கிழமை விக்டோரியா வந்தாள். தாளை நீட்டினாள். தலை நிமிரவில்லை. சாமானை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அரை மணி நேரப் பேச்சு இல்லை. முருகேஸ்வரி, "ம்?" என்று கேட்டுப் பார்த்தாள். அந்த ம்முக்குப் பதில் சொல்லாமல் யாரும் போனதில்லை.

"அவுக கரைக்கே போவல" என்றாள் விக்டோரியா. "ஆளப் பாத்ததும் 'இவ்வளவு வாராரு, இவ்வளவு வாராரு'ன்னு சொல்லுதானுவளாம். வேம்பாருலயிருந்து மருமவன் போன் போட்டு, 'மாமா, இவ்வளவுதானா'ன்னு கேக்கான். 'நான் இருக்கேன்'னு நீ சொன்னியாம்லா. அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்காவ."

அவள் போனபின் முருகேஸ்வரி கல்லாவை மூடிவிட்டுக் குடோனுக்குள் போய், முதல் தடவையாக முழுசாகக் கேட்டாள். பக்கத்தில் கல்யாண வீட்டு மருதாணியோடு பிரேமா.

மென்பொருள் அதன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. பேச்சுக்கு நடுவில் விழும் மூச்சு, தயக்கம், இடைவெளி எல்லாம் குப்பை என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ம் என்பதும் அந்தக் குப்பையில் சேர்த்தி. அதனால் ஒன்றிரண்டு கேள்வி தவிர முருகேஸ்வரி நிகழ்ச்சியிலேயே இல்லை. ஆன்டனி யாரிடமும் இல்லாமல் தானே பேசிக்கொண்டிருந்தார். "சொல்லவா? பயந்துட்டேன்" என்று யாரும் கேட்காமலேயே புலம்புகிற ஆள் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு வந்தது பெரிய அடி.

"எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பீங்க அண்ணாச்சி?"

"இவ்வளவு."

நடுவில் அரை வினாடிகூட இல்லை. அவள் பதறிச் சொன்ன 'அண்ணாச்சி, போதும்'கூட அந்த மௌனத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருந்தது. கீழே மென்பொருள் எழுதிய விவரத்தில், 'விருந்தினர் மிகக் குறைந்த நேரமே மூச்சுப் பிடிப்பதாக ஒப்புக்கொள்கிறார்' என்று இருந்தது. அதற்கும் கீழே லாரிக்காரர் ஒருவர், நான் பல் தேய்க்கும்போதே இதைவிடக் கூடுதலாகப் பிடிப்பேன் என்று எழுதியிருந்தார்.

முருகேஸ்வரிக்குத் தன் ம் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. கொஞ்சம் வலித்தது, அதை மறைப்பானேன். ஆனால் 'நான் இருக்கேன்லா' என்று சொன்ன வாய் அவளுடையது. கண் கலங்கிவிட்டது. பிரேமா அழுதேவிட்டாள்.

"அழிச்சிருதேன் மதினி. மொத்தத்தையும் எடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டுப் போட்டுருதேன்."

"போன்ல அழிப்ப. கேட்டவன் காதுலயிருந்து எப்படி அழிப்ப? அழிச்சா, நெசந்தான் போல, அதான் எடுத்துட்டாவன்னு அதுக்கும் சிரிப்பானுவ." முருகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி பேசுனது அப்படியே இருக்கா, இல்லையா?"

"இருக்கு மதினி. வெட்டாதது தனியா இருக்கு."

"அப்ப அதை எடு."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெட்டாத பதிவில் எல்லாம் இருந்தது. ஹாரன், மிக்ஸி, இருமல் உள்பட. பிரேமா இந்தத் தடவை இரைச்சலை மட்டும் எடுக்கச் சொல்லி, மற்றதைத் தொடாதே என்று மென்பொருளுக்குக் கட்டளை கொடுத்தாள். அது சொன்னபடி செய்தது. ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு வினாடி மௌனமும் திரும்பி வந்தது. ஆனால் கடிகாரச் சத்தத்தையும் முனகலான ம்களையும் இரைச்சல் என்று துடைத்துவிட்டதால் அது வெறும் மௌனமாக இருந்தது. சோற்றுக்கு வந்த பாண்டியராஜனிடம் போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார்கள். பத்து வினாடி கேட்டார். போனைத் தட்டினார். காதில் வைத்துப் பார்த்தார்.

"நெட்டு போச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பிரேமா தலையில் கை வைத்துக்கொண்டாள். உலகம் முழுக்கக் கேட்கிறவர்கள் எல்லோரும் பாண்டியராஜன்தான். பத்து வினாடி சத்தமில்லை என்றால் அணைத்துவிடுவார்கள். முருகேஸ்வரி திரையைக் காட்டிக் கேட்டாள்.

"ஏளா, எது எது ம்முன்னு இந்த மிஷின்காரனுக்குத் தெரியும்லா? தெரியாமலா எடுத்துப் போட்டான்?"

"தெரியும். எல்லாத்துக்கும் குறி போட்டு வச்சிருக்கு."

"எடுத்துப் போட்டத எல்லாம் வரிசையா எனக்குப் போட்டுக் காட்டச் சொல்லு. அரிசியச் சலிச்சா கல்லோட நொய்யும் விழத்தான செய்யும். நொய்ய நான் பொறுக்குதேன்."

மென்பொருள் நொடியில் பட்டியல் கொடுத்தது. இருநூற்றுப் பதினாலு ம், ஒவ்வொன்றும் எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது வினாடி என்ற விவரத்தோடு. அதைத் தேடிப் பிடிக்கப் பிரேமாவுக்கு ஒரு நாள் ஆகியிருக்கும். ஆனால் பட்டியலில் எல்லா ம்மும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. அதற்குமேல் மிஷினுக்குத் தெரியாது. பிரேமா ஒவ்வொன்றாக ஓடவிட, முருகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"இது 'அப்புறம்?'. வை. இது 'பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி'. வை, அவரே அதுக்குத்தான் சிரிக்காரு. இது கடையில யாரோ உளுந்து கேட்டாவ, 'இருங்க வாரேன்'னு சொன்னது. தூக்கு. இது கொசு கடிச்சது. தூக்கு."

"இது?"

"இது 'சொல்லுங்க, நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்'." அவள் கண்ணைத் திறந்தாள். "சொல்லவான்னு கேட்டாருல்லா, அதுக்கு. இது இல்லாமத்தான் மனுசன் புலம்புற மாதிரி ஆயிட்டு."

இருநூற்றுப் பதினாலில் எண்பத்தேழு தேறியது. கடைசியில் அந்த மௌனத்துக்கு வந்தார்கள். வெட்டாத பதிவிலிருந்து கடிகாரத்தையும் மூன்று ம்களையும் அப்படியே எடுத்துவைத்தாள் பிரேமா. போட்டுக் கேட்டார்கள். முதல் ம். பாதி தூரம் போனதும் கேள்வி ம். பிறகு அந்த நடுங்கிய ம். நெட்டு போகவில்லை, உள்ளே ஆள் இருக்கிறது, அந்த ஆளுக்குப் பயமாக இருக்கிறது என்று இப்போது யாருக்கும் புரியும். பிரேமா தன்னை அறியாமல் தானும் மூச்சைப் பிடித்திருந்தாள். நாற்பது வினாடியில் விட்டுவிட்டு மூட்டையில் சாய்ந்து இருமினாள்.

முன்னால் ஒரு வார்த்தை சேர்த்தாள். போன வாரம் கேட்டது தப்பான பதிப்பு, மிஷின் நான் சொன்னதைத்தான் செய்தது, முழுசாகக் கேட்காமல் போட்டது நான், ஆன்டனி அண்ணாச்சி மன்னிக்கணும் என்று. விவரத்தையும் இந்தத் தடவை தானே எழுதினாள்.

ஞாயிறு காலை எட்டு மணி. கடையில் கூட்டம். பாண்டியராஜன், பரிகாரமோ என்னவோ, லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்தி அதன் ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுவிட்டார். கேள்வி வந்தது. மௌனம் வந்தது. இட்லி மாவு வாங்க வந்தவர்கள், ரீசார்ஜ் செய்ய வந்தவன், பால்காரர் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயை மூடித் தாங்களும் மூச்சைப் பிடித்தார்கள். பாண்டியராஜன் இருபது வினாடியிலேயே மூச்சை விட்டு ஆட்டத்திலிருந்து போய்விட்டார். முதல் ம்முக்கு நாலு பேர் போனார்கள். இரண்டாவது ம் விழுந்தபோது பால்காரர் மட்டும் முகம் சிவந்து நின்றார். அவரும் பொங்கி விட்டுவிட்டார். மூன்றாவது ம்முக்கு யாரும் மிச்சமில்லை. ஸ்பீக்கரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 'அண்ணாச்சி, போதும்' என்று முருகேஸ்வரி ஸ்பீக்கரில் சொன்னபோது கடை முன்னால் நின்ற கிழவர் ஒருவர், "ஏ, விடச் சொல்லுங்கப்பா" என்றார். அதற்குப் பிறகுதான் ஆன்டனி மூச்சை விட்டார்.

"இவ்வளவு."

யாரும் சிரிக்கவில்லை. பால்காரர் கைதட்டினார்.

முடிவில் பிரேமாவின் குரல் வந்தது. "பேசியவர், தெரேஸ்புரம் ஆன்டனி. ஒலிப்பதிவு, எடிட்டிங், பிரேமா. ம் கொட்டியவர், முருகேஸ்வரி."

முருகேஸ்வரி கடலை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. இப்படிச் சொல்லப்போவதாகப் பிரேமா அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. இருபது வருஷத்தில் இந்தக் கடை வாசலில் அவள் பெயர் இவ்வளவு சத்தமாக ஒலித்ததில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. எந்த ம் போடுவதென்று அவளுக்கே தெரியவில்லை, பேசாமல் எண்ணெயைத் தொடர்ந்து ஊற்றினாள். புட்டி நிரம்பி வழிந்தது.

மறுநாள் திங்கள்கிழமை. விக்டோரியா வந்தாள். கூடவே ஆன்டனியும் வந்தார். விக்டோரியா சாமான் தாளைக் கல்லாவில் வைத்துவிட்டு, மருமகன் காலையில் போன் போட்டுக் குழைந்ததைப் பத்து நிமிஷம் சொன்னாள். அவள் பேசி ஓயும்வரை ஆன்டனி வெல்ல உருண்டைகளைப் பார்த்தபடி நின்றார்.

"நேத்து கரையில முப்பது பேரு போனை நடுவுல வச்சுக்கிட்டு மூச்சுப் பிடிச்சானுவ தங்கச்சி" என்றார் பிறகு. "ஒருத்தனும் உன் ரெண்டாவது ம்மைத் தாண்டல. இப்ப அங்கன நிமிசக் கணக்கு கிடையாது. இவன் ஒரு ம் பிடிப்பான், அவன் ஒண்ணரை ம் பிடிப்பான்னுதான் பேச்சு. என்னைய மூணு ம்முங்கானுவ."

"கோவம் போச்சா அண்ணாச்சி?" என்றாள் முருகேஸ்வரி. "பாதிதான சொல்லியிருக்கீக. அந்தக் கயித்துலயிருந்து எப்படி வெளிய வந்தீகன்னு சொல்லவே இல்ல. இன்னொரு தடவ வந்து உக்காருவீகளா?"

ஆன்டனி தலையைத் தடவினார். விக்டோரியாவைப் பார்த்தார். வெளியே போகிற உப்பு லாரியைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

குடோன் வாசலில் நின்ற பிரேமா மெதுவாக மதினியின் காதருகே வந்தாள். "மதினி, இது எந்த ம்?"

முருகேஸ்வரி பச்சரிசியை அளந்து பொட்டலத்தில் கொட்டி, மேலே ஒரு கை கூடுதலாகவும் போட்டாள்.

"புதன்கிழமை வாராருளா. போய் மூட்டைய அடுக்கு" என்றாள்.